கழுத்தில் ஒரு வாசல்! காவல் காப்பது யார்?

இரவு மணி 2.

ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். மூலைக் கட்டிலில் ஒருவர் மட்டும் விழித்திருக்கிறார். அவர் கழுத்தில் ஒரு குழாய் இருக்கிறது. அந்தக் குழாய் வழியாகத்தான் அவர் மூச்சு விடுகிறார். குழாய்க்குள் "கொர்... கொர்..." என்று சத்தம் கேட்கிறது. சளி சேர்ந்துவிட்டது. மூச்சு முட்டுகிறது.

"அம்மா! நர்சம்மா!" என்று கூப்பிட வேண்டும். ஆனால் அவரால் கூப்பிட முடியாது. குரல் இல்லை. காற்று கழுத்தோடு வெளியே போய்விடுகிறது. குரல் நாண் வரை அது ஏறுவதில்லை.

யாராவது வந்து அந்தச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு நிமிட வேலை! ஆனால் அதைச் செய்ய ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆபரேஷனில் பிழைத்தவர்கள் சிலர் இந்த ஒரு நிமிட வேலை நடக்காததால் இறந்து போகிறார்கள். பணக்கார நாடான இங்கிலாந்திலேயே இது நடந்திருக்கிறது. அதைப்பற்றி அங்கே பெரிய விசாரணையே நடந்தது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

துளை எதற்கு?

டாக்டர்கள் இதற்கு "டிரக்கியாஸ்டமி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் நீளம். விஷயம் எளிது. குரல்வளைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தில் மூச்சுக்குழலில் ஒரு துளை போடுகிறார்கள். அதில் வளைந்த குழாய் ஒன்றைச் செருகுகிறார்கள். குழாயின் இரு பக்கமும் நாடா கட்டி, கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். அதன்பிறகு மூக்கும் வாயும் செய்த வேலையை அந்தத் துளை செய்கிறது.

யாருக்கு இது தேவை? விபத்தில் தலையில் அடிபட்டு நினைவு இழந்தவர்கள், கழுத்து எலும்பு முறிந்தவர்கள், தொண்டையில் புற்று வந்து மூச்சு அடைத்தவர்கள், பூச்சி மருந்தைக் குடித்துவிட்டு, பல நாள் மூச்சு எந்திரத்தில் இருப்பவர்கள், ரணஜன்னி கண்டவர்கள். சுருக்கமாகச் சொன்னால், மேலே வழி அடைபட்டவர்கள், நெடுநாள் எந்திரத்தின் உதவியால் மூச்சு விடுகிறவர்கள், சளியைத் தாங்களே இருமித் துப்ப முடியாதவர்கள்.

இது புதிய வைத்தியம் அல்ல. 1799-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கி, மூச்சு விட முடியாமல் படுத்திருந்தார். சுற்றிலும் 3 டாக்டர்கள். அவர்களில் இளையவர் எலிஷா டிக். "கழுத்தில் துளை போட்டுப் பார்ப்போம்" என்று அவர் யோசனை சொன்னார். மூத்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கால வழக்கப்படி ரத்தத்தை வடித்தார்கள். அன்று இரவே வாஷிங்டன் இறந்து போனார். துளை போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்!

சினிமா நட்சத்திரம் எலிசபெத் டெய்லருக்கு 1961 மார்ச் மாதம் லண்டனில் கடுமையான நிமோனியா வந்தது. கழுத்தில் துளை போட்டுத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். அடுத்த மாதமே அவர் ஆஸ்கார் பரிசு வாங்க மேடை ஏறினார். கழுத்தில் இருந்த தழும்பு கடைசி வரை மறையவில்லை.

கோபன்ஹேகன் காட்டிய வழி

இந்தத் துளையின் மகிமையை உலகம் முழுவதும் அறிந்தது 1952-ம் ஆண்டில்தான்.

அந்த ஆண்டு டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பயங்கரமாகப் பரவியது. பிளெக்டம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் கூட்டமாகக் குழந்தைகள் வந்தார்கள். பலருக்கு மூச்சு விடும் தசைகளே செத்துப் போயிருந்தன. அப்போது இருந்த சாதனம் "இரும்பு நுரையீரல்" என்ற பெரிய பெட்டி. நோயாளியை அதற்குள் படுக்க வைப்பார்கள். தலை மட்டும் வெளியே இருக்கும். அந்தப் பெட்டி ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது! முதல் சில வாரங்களில் மூச்சுத் தசை செயல் இழந்து வந்த 31 பேரில் 27 பேர் மாண்டார்கள்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டரை அழைத்தார்கள். அவர் ஒரு 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் துளை போடச் செய்தார். ரப்பர் குழாயைச் செருகினார். அதில் ஒரு பையை மாட்டி, கையால் அழுத்தி, நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். முதலில் நிலைமை மோசமாகியது. பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. இப்சன் ஒரு மருந்தைக் கொடுத்து அவளை அமைதிப்படுத்தி, மீண்டும் அழுத்தினார். சிறுமி பிழைத்தாள்.

அதன்பிறகு நடந்ததுதான் அதிசயம். எந்திரம் இல்லை. ஆகவே வைத்தியக் கல்லூரி மாணவர்களையும் பல் வைத்திய மாணவர்களையும் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 பேர் முறை வைத்து வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு நோயாளியின் அருகே உட்கார்ந்து மணிக்கணக்கில் பையை அழுத்தினார்கள். இரவும் பகலும் இடைவிடாது அழுத்தினார்கள். ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் கூட இப்படிக் கையால் மூச்சு வாங்கினார்கள். பக்கத்திலே நர்சுகள் நின்று சளியை உறிஞ்சினார்கள். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். 10-ல் 9 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். "இன்டென்சிவ் கேர்" என்று இன்று சொல்லும் தீவிர சிகிச்சைப் பிரிவு இதிலிருந்துதான் பிறந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இப்சனின் துளையைப் புகழ்வார்கள். அந்தப் புகழ் நியாயம்தான். ஆனால் துளையை மட்டும் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியதில் கத்திக்கு எவ்வளவு பங்கோ, அதைவிடப் பெரிய பங்கு கண் விழித்துக் காத்த கைகளுக்கு உண்டு.

மூக்கு செய்த வேலை

கழுத்தில் துளை விழுந்ததும் சளி ஏன் இப்படித் தொல்லை கொடுக்கிறது?

மூக்கு வெறும் ஓட்டை அல்ல. வெளிக்காற்று உள்ளே போகும்போது மூக்கு அதைச் சூடாக்குகிறது, ஈரமாக்குகிறது, தூசியை வடிகட்டுகிறது. கழுத்துத் துளை வழியாகப் போகும் காற்று வறண்ட காற்று. அது பட்டதும் உள்ளே இருக்கும் சளி கெட்டியாகிறது. பசை போல ஒட்டுகிறது. நேரம் ஆக ஆகப் பொருக்காகிவிடும். குழாயின் உள் அகலமோ பெரியவர்களுக்குக் கூட ஒரு சுண்டு விரல் பருமன் இராது. ஒரு சளிக் கட்டி போதும், வாசலை மூட!

ஆகவே காற்றை ஈரப்படுத்துவதுதான் முதல் வேலை. எந்திரத்தில் இருப்பவருக்கு எந்திரமே அதைச் செய்கிறது. தானாக மூச்சு விடுகிறவருக்குக் குழாய் வாயில் சிறு மூடி போன்ற ஒரு சாதனத்தை மாட்டுகிறார்கள். வெளியேறும் மூச்சின் ஈரத்தை அது பிடித்து வைத்து, அடுத்த மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. டாக்டர்கள் இதைச் "செயற்கை மூக்கு" என்கிறார்கள். நல்ல பெயர்!

அடுத்தது, குழாய்க்குள் குழாய். பல குழாய்களில் உள்ளே இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். சளி படிவது அதில்தான். அதை மட்டும் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டலாம். வெளிக்குழாயைத் தொடவே வேண்டாம். வீட்டு விளக்கின் சிம்னியைத் துடைப்பது போன்ற வேலைதான். ஆனால் மறந்தால் உயிருக்கு ஆபத்து.

10 விநாடிக் கலை

மூன்றாவது, உறிஞ்சி எடுப்பது. இதுதான் கலை.

ஒரு சின்ன எந்திரம். அதிலிருந்து வரும் ரப்பர் குழலின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் குழல். அதைக் கழுத்துக் குழாய்க்குள் விட்டு, சளியை இழுத்து எடுக்கிறார்கள். பார்ப்பதற்கு எளிது. ஆனால் சளியை உறிஞ்சும்போது நோயாளியின் மூச்சுக் காற்றும் சேர்ந்து வெளியே வருகிறது! அதிக நேரம் உறிஞ்சினால் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. சிலருக்கு நாடித் துடிப்பே மெதுவாகிவிடும்.

அதனால்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். குழல் உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே இழுக்கும்போதுதான் உறிஞ்ச வேண்டும். ஒரு தடவைக்கு 10 விநாடி, மிஞ்சிப் போனால் 15 விநாடி; குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. மெல்லிய குழலின் பருமன் கழுத்துக் குழாயின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கழுத்துக் குழாய் 8 மில்லி மீட்டர் என்றால், உள்ளே விடும் குழல் 4 மில்லி மீட்டர். பக்கத்தில் காற்றுப் போக வழி வேண்டும் அல்லவா? ஆழமும் அளவுதான். கழுத்துக் குழாயின் நீளத்தைத் தாண்டி உள்ளே குத்தினால் மூச்சுக்குழலில் புண் உண்டாகும், ரத்தம் கசியும். முன்னும் பின்னும் பிராணவாயு கொடுப்பார்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையே நோயாளி இளைப்பாற வேண்டும்.

நர்சுகளுக்குப் பாடம் சொல்லும்போது ஒரு பழைய உபாயம் சொல்லிக் கொடுப்பது உண்டு. குழலை உள்ளே விடும்போது நர்சும் தன் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். தனக்கு எப்போது மூச்சு முட்டுகிறதோ, அதற்கு முன்பே நோயாளிக்கு முட்டியிருக்கும்! கடிகாரம் பார்ப்பதைவிட இது நல்ல கடிகாரம்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை உறிஞ்சுவது? முன்பெல்லாம் இத்தனை மணிக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்துச் செய்தார்கள். இப்போது அது தவறு என்று தெரிந்துவிட்டது. தேவைப்படும்போதுதான் உறிஞ்ச வேண்டும். குழாயில் சத்தம் கேட்கிறதா? நோயாளி தவிக்கிறாரா? மூச்சு வேகமாக இருக்கிறதா? விரலில் மாட்டிய கருவியில் பிராணவாயு அளவு இறங்குகிறதா? அப்போது செய்ய வேண்டும். உப்பு நீரைக் குழாயில் ஊற்றிவிட்டு உறிஞ்சும் பழக்கமும் இருந்தது. அதையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று இப்போது சொல்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. "4 மணிக்கு ஒரு தடவை" என்றால் யாரும் செய்துவிடலாம். "தேவைப்படும்போது" என்றால் பக்கத்தில் ஆள் இருந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நர்சுக்கு 5 நோயாளி இருந்தால் முடியும். 40 நோயாளி இருந்தால்?

இங்கிலாந்தில் நடந்த விசாரணை

1985-ம் ஆண்டில் சியாக்லியா என்ற அமெரிக்க அறுவை டாக்டர் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார். நோயாளியை ஆபரேஷன் அறைக்குக் கொண்டு போக வேண்டியது இல்லை. கட்டிலிலேயே ஊசி போட்டு, கம்பி விட்டு, துளையை விரித்துக் குழாயைச் செருகிவிடலாம். வேலை எளிதானது. துளை போடுவதும் அதிகமானது.

முன்பு இந்த நோயாளிகள் காது, மூக்கு, தொண்டை வார்டில் இருந்தார்கள். அங்கே இருந்த நர்சுகளுக்கு இது தினசரி வேலை. கண்ணை மூடிக்கொண்டே செய்வார்கள். புது முறை வந்த பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில் துளை போட்டு, உடம்பு கொஞ்சம் தேறியதும் எந்த வார்டில் இடம் இருக்கிறதோ அந்த வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ள நர்சு இப்படி ஒரு நோயாளியை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்திருந்தால் அதிசயம்!

விளைவு என்ன? 2011-ல் பிரிட்டிஷ் மயக்க மருந்து டாக்டர்கள் நாடு முழுவதும் கணக்கு எடுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு வழி சம்பந்தமாக நேர்ந்த பெரிய விபரீதங்களுக்கு முதல் காரணம், கழுத்துக் குழாய் இடம் பெயர்ந்துவிடுவதுதான் என்று அதில் தெரிந்தது. 2014-ல் இன்னொரு விசாரணைக் குழு இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. துளை போடுவதைப் பற்றி மட்டும் அல்ல, போட்ட பிறகு வார்டில் பார்த்துக்கொள்வதைப் பற்றியும் அது குறைகளை எடுத்துச் சொன்னது.

அதன்பின் அங்கே செய்த காரியங்களுக்கு அதிகப் பணம் தேவைப்படவில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை மாட்டினார்கள். பச்சை அட்டை என்றால் நோயாளிக்கு மூக்கு, வாய் வழியும் திறந்திருக்கிறது. சிவப்பு அட்டை என்றால் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்துத் துளை ஒன்றே வழி. இது தெரியாமல் சிவப்பு அட்டைக்காரருக்கு மூக்கில் பிராணவாயு வைத்தால் என்ன பயன்? குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் என்ன செய்வது, அடுத்து என்ன செய்வது என்று படிப்படியாக எழுதி வைத்தார்கள். உள்குழாயைக் கழற்று, உறிஞ்சும் குழலை விட்டுப் பார், போகவில்லையா, குழாயையே எடுத்துவிடு. கேட்பதற்குப் பயமாக இருக்கும். ஆனால் அடைபட்ட குழாய் கழுத்தில் கிடப்பதைவிட அது வெளியே இருப்பது மேல். கட்டில் பக்கத்தில் எப்போதும் 2 புதுக் குழாய்கள் வைத்திருக்க வேண்டும். ஒன்று அதே அளவு. மற்றொன்று ஓர் அளவு சிறியது. அவசரத்தில் பெரியது நுழையாவிட்டால் சிறியது நுழையும்.

ஓர் அட்டை, ஒரு பட்டியல், 2 குழாய். இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவை இல்லை. ஆனாலும் இவை வர எத்தனையோ உயிர்கள் போக வேண்டியிருந்தது!

எந்திரம் வந்தது, கை வரவில்லை

2020-ல் கொரோனா வந்தபோது உலக நாடுகள் எல்லாம் வென்டிலேட்டர் எந்திரத்துக்கு அலைந்தன. மோட்டார் தொழிற்சாலைகள் கூட வென்டிலேட்டர் செய்தன. எந்திரங்கள் வந்து குவிந்தன. அவற்றின் பக்கத்தில் நிற்க ஆள்? வாரக்கணக்கில் எந்திரத்தில் இருந்தவர்களுக்குக் கழுத்தில் துளை போட்டார்கள். அவர்களுக்கு உறிஞ்சி எடுக்கத் தெரிந்த நர்சை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2023-ல் உலகில் 2 கோடியே 98 லட்சம் நர்சுகள் இருந்தார்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவை. பற்றாக்குறை எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளில் படித்த நர்சுகளை அழைத்துக்கொள்கின்றன. இந்தியாவில் படித்த பெண்கள் வளைகுடா நாடுகளிலும் இங்கிலாந்திலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே பல இடங்களில் கொடுக்கும் சம்பளத்தைப் பார்த்தால் யாரும் போகத்தான் செய்வார்கள்.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1985-ல் அவருக்கு நிமோனியா வந்தது. பிழைக்க மாட்டார் என்று எந்திரத்தை நிறுத்தவும் டாக்டர்கள் யோசித்தார்கள். மனைவி ஜேன் ஒப்புக்கொள்ளவில்லை. கழுத்தில் துளை போட்டார்கள். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. 24 மணி நேரமும் நர்சு பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் செலவைக் குடும்பத்தால் தாங்க முடியவில்லை. அமெரிக்க அறநிலையம் ஒன்று பண உதவி செய்தது. அதன்பிறகு 33 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்த புத்தகம் வெளிவந்தது 1988-ல், துளை போட்ட பிறகு! (பார்த்துக்கொண்ட நர்சுகளில் ஒருவரைப் பின்னாளில் அவர் மணந்துகொண்டார் என்பது வேறு கதை.)

அறநிலையம் உதவாத சாதாரண மனிதர் என்ன செய்வார்?

வீட்டிலே ஒரு நர்சு

இந்தியாவில் அதற்குப் பதில், பெரும்பாலும் ஒரு பெண். மனைவி, தாய், அல்லது மகள். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள்தான் இருக்க முடியும்? கழுத்தில் குழாயோடு நோயாளி வீடு திரும்புகிறார். அன்று முதல் அந்தப் பெண்தான் நர்சு. சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, இரவுத் தூக்கமும் இல்லை.

இதைப் பத்திரிகையில் படித்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது, கற்றுக்கொள்ளவும் கூடாது. நர்சு பக்கத்தில் நிற்க, நோயாளியின் வீட்டார் தங்கள் கையாலேயே பல தடவை செய்து பழக வேண்டும். அதுவரை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பக் கூடாது. "செய்து காட்டினேன், பார்த்தீர்கள் அல்லவா?" என்று ஒரு தடவை காட்டி அனுப்பிவிடுவது பாடம் ஆகாது. குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் செய்து பழக வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டில் 2 பேருக்காவது தெரிய வேண்டும். தெரிந்த ஒருவர் கடைக்குப் போயிருக்கும்போதுதான் குழாய் அடைக்கும்!

உறிஞ்சும் எந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் போனால்? காலால் மிதிக்கும் பம்பு உண்டு. கையால் இயக்குவதும் உண்டு. அதில் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். தொடும் முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும்; இறுக்கினால் புண்ணாகும், தளர்ந்தால் இருமும்போது குழாய் வெளியே வந்துவிடும். சாம்பிராணிப் புகை, கொசுவத்திச் சுருள், தாளிக்கும் புகை, முகப் பவுடர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. வடிகட்ட மூக்கு இல்லையே! குளிக்கும்போது துளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், நாற்றம் வந்தாலும், ரத்தம் தெரிந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

கையில் ஒரு மணி கொடுத்துவிட வேண்டும். இது மிக முக்கியம். குரல் இல்லாதவருக்கு மணிதான் குரல். எழுதத் தெரிந்தவருக்குச் சிலேட்டுப் பலகை. எழுதத் தெரியாதவருக்குத் தண்ணீர்க் குவளை, தலையணை, மூச்சுக் குழாய் என்று படம் வரைந்த ஓர் அட்டை. அவர் விரலால் தொட்டுக் காட்டுவார். பேச முடியாதவருக்குக் காது கேட்காது என்று நினைத்துச் சிலர் உரக்கக் கத்துகிறார்கள். வேறு சிலர் அவர் எதிரிலேயே, "இது தேறாது" என்கிறார்கள். அவருக்கு எல்லாம் கேட்கிறது.

சிலருக்குப் பேசும் வால்வு உதவும். டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர் 1980-களில் இதைக் கண்டுபிடித்தார். அவரே தசைச் சிதைவு நோயால் எந்திரத்தில் மூச்சு விட்டவர்! காற்று கழுத்து வழியே உள்ளே போகும். வெளியே வரும்போது வால்வு மூடிக்கொண்டு, காற்றைக் குரல் நாண் வழியாக மேலே அனுப்பும். ஆனால் ஓர் எச்சரிக்கை. சில குழாய்களில் சின்ன பலூன் ஒன்று இருக்கும். அதன் காற்றை இறக்காமல் வால்வை மாட்டினால் உள்ளே போன மூச்சு வெளியே வர வழி இல்லை. டாக்டர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

எல்லோருக்கும் குழாய் ஆயுள் முழுவதும் இருப்பது இல்லை. பலருக்குச் சில வாரங்கள், சில மாதங்கள். நோயாளி தானே இருமிச் சளியை வெளியேற்றுகிறாரா, எச்சில் விழுங்குகிறாரா என்று பார்ப்பார்கள். குழாயின் வாயை மூடி, மூக்கு வழியாகவே மூச்சு விடச் சொல்லிப் பழக்குவார்கள். சரியாக இருந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் தையல் கூடப் போடுவது இல்லை. மேலே ஒரு கட்டுத்தான். துளை தானாகவே சுருங்கி, சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ மூடிக்கொள்ளும். அதுவரை பேசும்போதும் இருமும்போதும் அந்தக் கட்டின் மேல் 2 விரலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். அப்படி அழுத்திக்கொண்டு அவர் பேசும் முதல் பேச்சு கரகரப்பாகத்தான் இருக்கும். இத்தனை நாளும் மணிச் சத்தத்துக்கு எழுந்து ஓடி வந்த பெண் அன்று தன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்பாள்.